பட்டணம்காத்தான் அடுக்குமாடியா, உச்சிப்புளி மனையா, தங்கச்சிமடம் புது வீடா?

எங்கள் பக்கத்தில் 'பிளாட்' என்று சொன்னால் மனை என்றுதான் காதில் விழும். அதனால் இந்தக் கட்டுரையில் மனை என்றால் மனை, அடுக்குமாடி வீடு என்றால் அடுக்குமாடி வீடு. தரகரிடம் பேசும்போதும் முதலிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி நாள் மிச்சமாகும்.

நான் ராமநாதபுரத்தில் ஆசிரியை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுபது வயது, பாம்பனில் பிறந்து வளர்ந்தவர், இப்போது முழங்கால் வலியோடும் இதயத்துக்கு மாத்திரையோடும் எங்களோடு இருக்கிறார். கையில் பதினாறு லட்சம் சேர்ந்தது. வங்கியில் 28 லட்சம் வரை தருவதாகச் சொன்னார்கள். ஆக, பத்திரச் செலவு உட்பட 44 லட்சத்துக்குள் ஒரு வீடு. சித்திரையில் தேட ஆரம்பித்து கார்த்திகையில் முடிவு செய்தோம். அந்த ஏழு மாதத்தில் கற்றதை, எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

கடைசியில் மூன்று இடங்கள் நின்றன. முதலாவது, ராமநாதபுரம் பட்டணம்காத்தானில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. இரண்டாவது மாடி, பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடம், 2016இல் கட்டி முடித்தது, இப்போது மறுவிற்பனைக்கு வருகிறது. இரண்டாவது, உச்சிப்புளி பக்கம் ஐந்தரை சென்ட் மனை. அதில் நாங்களே கட்ட வேண்டும். மூன்றாவது, பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் கட்டிக்கொண்டிருக்கும் புது அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. மூன்றாவது மாடியிலிருந்து கடல் தெரியும்.

கீழக்கரையையும் விசாரித்தோம். அங்கே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு என்று போகும் வழக்கம் ஊறியிருப்பதால், நல்ல வீடு வெளியில் விலைக்கு வருவது குறைவு. வந்தாலும் எங்களுக்கு எட்டாத விலை. அதோடு அதை விட்டுவிட்டோம்.

பட்டணம்காத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் தனியாகப் போக யோசிப்போம். இன்றைக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை ரவுண்டானாவைச் சுற்றி கிளினிக், ஸ்கேன் சென்டர், துணிக்கடை, கல்யாண மண்டபம், நடுநடுவே மூன்று மாடிக் கட்டடங்கள். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது ஒரு திருப்பம். டாக்டர்களும் மாணவர்களும் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்ததும் இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு கிராக்கி வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்து, இரண்டு வருஷத்துக்கும் மேலாக மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த ரயில் மறுபடி ராமேஸ்வரம் போனது. அதே வருஷம் ஜூலையில் பரமக்குடி - ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. விமான நிலையம் வரும் என்ற அறிவிப்பும் சேர்ந்துகொள்ள, மனை விற்பவர்களின் பேனர்களில் விமானப் படம் வந்துவிட்டது.

இந்த மாற்றத்தையெல்லாம் விலைக்குள் போட்டுத்தான் சொல்வார்கள். என் கருத்து இதுதான்: நடந்து முடிந்த மாற்றத்துக்குக் காசு கொடுங்கள், வரப்போகும் மாற்றத்துக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதற்குக் கொடுக்கலாம். விமானம் இறங்கட்டும், அப்புறம் பார்ப்போம்.

முதலில் என் மனம் தங்கச்சிமடத்துக்குத்தான் போனது. அம்மாவின் ஊர் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் நீலமாகக் கடல். விற்பனைக்கு வந்த பையனும் நன்றாகப் பேசினார். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் ரூம் கிடைக்காது, நீங்கள் இல்லாத நாளில் யாத்ரீகர்களுக்கு விட்டால் தவணையில் பாதி அதிலேயே வந்துவிடும் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "கடலப் பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நெறஞ்சிருமா? தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேளு தாயி."

அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று இடத்தையும் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பட்டணம்காத்தான் கட்டடத்தின் போர் தண்ணீரில் மீட்டரை வைத்தால் 4,100. கையில் சோப்பு நுரைக்கவே இல்லை. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகக் கல் கட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. தங்கச்சிமடத்துப் புதுக் கட்டடத்தின் போரில் 1,350. உச்சிப்புளி மனைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பதினான்கு அடிக் கிணறு ஒன்று, அதில் 420. அந்தத் தோட்டக்காரர் வாளியில் மொண்டு கொடுத்ததை அம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "பாம்பன்ல எங்க ஆச்சி வீட்டுக் கெணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு" என்றார்.

இந்த வித்தியாசம் எதனால் என்று புரிந்துகொள்வது முக்கியம். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரைக்கும், தீவிலும், நிலம் மணல். மழை நேராக உள்ளே இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம், அதனால் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு திருப்பியும் வேலை செய்யும். மோட்டார் போட்டு இழுத்து மேலே ஒரு அடி இறங்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். கிணற்றில் வாளி போட்டு மொண்ட காலத்தில் இது நடக்கவில்லை. இருபத்துநான்கு வீடுகளுக்கு ஒரே போரில் ஏழரை குதிரைத்திறன் மோட்டார் ஓடினால் என்ன ஆகும்? தங்கச்சிமடத்தில் பக்கத்து வீட்டுத் திறந்த கிணற்றில் நான் பார்த்த அளவு 600. புது போரில் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல், இத்தனைக்கும் இன்னும் ஒரு குடும்பம்கூடக் குடிவரவில்லை. அந்த 1,350 இன்றைய அளவுதான். ஐந்து வருஷம் கழித்து அது என்னவாகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

பட்டணம்காத்தான் போர் உப்புதான். ஆனால் அது எப்போதோ உப்பாகிவிட்டது, அதை நம்பி அங்கே யாரும் இல்லை. கட்டடத்துக்கு காவிரி கூட்டுக் குடிநீர் இணைப்பு இருக்கிறது, மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது, இருபதாயிரம் லிட்டர் சம்ப் நிறைகிறது. வராத வாரத்தில் லாரித் தண்ணீர். மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடிக்கிறார்கள். சமையலறையில் ஒரு குழாய் நல்ல தண்ணீருக்கு, மற்றதெல்லாம் உப்புத் தண்ணீருக்கு. தண்ணீரில் ஜெயித்தது உச்சிப்புளி, சந்தேகமே இல்லை. ஆனால் குறை என்னவென்று முழுசாகத் தெரிந்த இடம் பட்டணம்காத்தான்.

அடுத்தது துரு. கடலோரத்தில் வீட்டை அழிப்பது அலை இல்லை, காற்றில் வரும் உப்பு. அது சிமென்ட்டுக்குள் ஊறி கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 இதற்காகவே கடலோரத்தைத் தனியாகப் பிரிக்கிறது. கடலின் தாக்கம் கடுமையாக உள்ள இடத்தில் எம்.30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். அதைவிடக் கடுமை என்றால் எம்.35, 50 மில்லிமீட்டர். அதாவது கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம்.

தங்கச்சிமடத்தில் நான்காவது மாடிக்குக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். வேலை சில மாதமாக நின்றிருந்தது போல. தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன், உள்ளங்கை முழுக்கச் செம்மண் பூசிய மாதிரி இருந்தது. தட்டினால் செதில் உதிர்ந்தது. கீழே பீம் அடைத்திருந்த பலகையில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிமென்ட் கட்டை, வைக்க வேண்டிய இடத்தில் ஜல்லித் துண்டுகளைச் சொருகியிருந்தார்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இதைக் கேட்டதற்கு, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றால் எல்லா இடத்திலும் பதினைந்து வருஷத்தில் மேற்கூரை பெயரும் என்று அர்த்தம். அன்றைக்கே என் மனதில் அந்த வீடு பாதி போய்விட்டது.

பட்டணம்காத்தான் வீட்டுக்கு எங்கள் பள்ளிக்கு வேலை செய்யும் கொத்தனாரை அழைத்துப்போனேன். இதுக்கு ஆயிரம் ரூபாய் கூலி கொடுத்தேன், இந்தத் தேடலில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். வீட்டை விற்பவர் ஹாலைக் காட்ட, கொத்தனார் ஹாலைப் பார்க்கவே இல்லை. நேராக பால்கனிக்குப் போய் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஒரு மூலையில் மட்டும் 'டொப்' என்றது. "இந்த எடம் பொத்தலாயிருச்சு டீச்சர். ரெண்டடி. கொத்தி எடுத்து, கம்பியத் தேச்சு, மருந்து அடிச்சுப் பூசணும்" என்றார். குளியலறைக் கூரை, மொட்டைமாடித் தட்டோடு, ஏ.சி. மாட்டிய ஸ்டாண்டின் போல்ட், கீழே கார் நிறுத்தும் தளத்தின் தூண்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூணில் கம்பி ஓடும் நெடுக்கிலேயே விரிசல் விட்டிருந்தால் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். அப்படி ஒன்றும் இல்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை தட்டினார். "பழசா இருக்க எடத்த நம்பலாம் டீச்சர். திடீர்னு பளபளன்னு இருக்க எடத்தத்தான் பாக்கணும்."

புது வீடுதான் நல்லது, பழைய அடுக்குமாடியில் போய்ப் பணம் போடலாமா என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். நான் சொன்ன பதில் இதுதான்: கடலோரத்தில் பத்து வருஷம் நின்ற கட்டடம் பரீட்சை எழுதிவிட்டது, மார்க் சுவரிலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போனால் போதும். புதுக் கட்டடம் இனிமேல்தான் எழுத வேண்டும். வேறு ஊரில் பத்து வருஷப் பழமை விலையைக் குறைக்கும் காரணம். எங்கள் கரையில் அது தகவல். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்: இது பத்து, பன்னிரண்டு வருஷக் கட்டடத்துக்குத்தான். இருபத்தைந்து வருஷமான அடுக்குமாடி என்றால் நான் இப்படிப் பேச மாட்டேன்.

சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புதுத் திட்டம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். 2016ஆம் வருஷச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேல் இல்லாத சின்னத் திட்டங்களுக்குப் பதிவு விலக்கு இருப்பதால், சிலர் எட்டு எட்டாகவே கட்டுகிறார்கள். அங்கே அந்தப் பாதுகாப்பைப் பதிவு எண்ணை வைத்துத் தேட முடியாது. மறுவிற்பனை வீட்டில் ஐந்து வருஷம் எப்போதோ தாண்டியிருக்கும், அதனால்தான் கொத்தனார். தங்கச்சிமடத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. கடல் ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 1991இல் வந்த விதி, 2011லும் 2019லும் மாற்றி எழுதப்பட்டது. ஊரைப் பொறுத்து எத்தனை மீட்டருக்குள் கட்டவே கூடாது என்பது மாறும். அனுமதிக் கடிதத்தின் நகல் கேட்டேன், வருகிறது வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. தீவில் வாங்குகிறவர்கள் கோயில் நிலம் இல்லை என்பதையும் தாய்ப்பத்திரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். சேதுபதிகள் காலத்திலிருந்து கோயிலுக்குக் கொடுத்த நிலம் நிறைய உண்டு.

மனைக்கு முக்கியம் டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது, அதற்குப் பிறகு புதிதாகப் போட்ட மனைப்பிரிவுக்கு அந்த வழி கிடையாது. பஞ்சாயத்து அப்ரூவல் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

உச்சிப்புளியில் எங்களுக்கு இரண்டு மனை காட்டினார்கள். ஒன்று நான் சொன்ன தென்னந்தோப்புப் பக்கம், சென்ட் இரண்டே முக்கால் லட்சம். இன்னொன்று அரை கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரை லட்சம். சித்திரையில் பார்த்தபோது இரண்டும் சமதளம், கல் நட்டு வெள்ளையடித்து அழகாக இருந்தன. விலை ஏன் பாதி? ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அது தரவை" என்றார், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் ஊர்ப் பெயரே பத்திரம் மாதிரி. தரவை என்றால் மழைக்குத் தண்ணீர் கிடக்கும் உவர் வெளி. ஏந்தல் என்றால் பக்கத்தில் குளம் இருந்தது, அல்லது இருக்கிறது. கண்மாய், ஊருணி சொல்லவே வேண்டாம். கோடையில் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, உமரிச் செடி முளைத்திருந்தாலோ அது வீடு கட்டும் மண் இல்லை. ஐப்பசியில் மறுபடி போனேன். அந்த ஒன்றரை லட்சத்து மனையில் எல்லைக் கல்லின் வெள்ளைத் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது, பக்கத்தில் கொக்கு நின்றது.

பட்டணம்காத்தானும் இதற்கு விலக்கு இல்லை. பக்கத்தில் சக்கரக்கோட்டை கண்மாய். பறவைகள் சரணாலயம், 2025இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் கண்மாய்க்குப் போகும் வாய்க்கால்களுக்கு மேல்தான் சில தெருக்கள் ஓடுகின்றன. அதனால் எந்தத் தெரு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு நானும் மகளும் ஸ்கூட்டியில் போனோம். நாங்கள் பார்த்த கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே கணுக்கால் தண்ணீர், கார் நிறுத்தும் தளத்தில் ஈரம் மட்டும். பதினோரு மணிக்கு வடிந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி அதே விலைக்கு வந்த இன்னொரு வீட்டில் சம்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கியிருந்தது. சித்திரையில் வீடு பார்ப்பவர்கள் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தரகர் வேறு ஆள் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்துவார். வரட்டும்.

சரி, பணம். பட்டணம்காத்தானில் 980 சதுர அடி என்று சொல்லி 43 லட்சம் கேட்டார்கள். நானும் மகளும் டேப் பிடித்து சுவருக்குச் சுவர் அளந்தோம், 742 வந்தது. மிச்சம் வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கு. தப்பு இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு பேச வேண்டும். தங்கச்சிமடத்தில் 1,020 சதுர அடிக்கு 48 லட்சம். சதுர அடி 4,700 ரூபாய் என்று சொன்னது, உள்ளளவு 714க்குக் கணக்குப் போட்டால் 6,700க்கு மேல் போகிறது. நகையை வைத்தால் எட்டும் தூரம்தான், ஆனால் மேலே சொன்ன காரணங்களுக்குப் பிறகு நகைப்பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. பிரிபடாத நிலப் பங்கையும் பாருங்கள். யூ.டி.எஸ். என்று பத்திரத்தில் வரும். கட்டடம் தேயும், நிலம்தான் நிற்கும். பட்டணம்காத்தானில் நம் பங்கு 430 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஒரு சென்ட். தங்கச்சிமடத்தில் 290.

உச்சிப்புளியில் மனை பதினைந்து லட்சம் சொச்சம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு சதுர அடி 2,400 என்று 24 லட்சம். சுற்றுச்சுவர், கிணறு, செப்டிக் டேங்க், கரண்ட் இணைப்பு என்று நாலு லட்சம். பத்திரத்தோடு நாற்பத்து நாலரை. அதே பணத்துக்கு ஐந்தரை சென்ட் நிலமும், தனி வீடும், நல்ல கிணறும், முருங்கை வைக்க இடமும். காகிதத்தில் இதுதான் முதல். நேர்மையாகச் சொன்னால் மனதிலும் இதுதான் முதல்.

ஆனால் வீடு கட்டுவது என்பது தினமும் நிற்கும் வேலை. எம்.சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல் என்று சொல்லிவிட்டு ஓடை மண்ணைக் கலக்காமல் பார்க்க வேண்டும், கவர் பிளாக்கை எண்ண வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதே ஐ.எஸ். 456 தரவிதி சொல்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். நான் காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போனால் மாலை ஐந்து. வீட்டுக்காரர் மஸ்கட்டில். அம்மாவை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைக்க முடியுமா? ஜல்லித் துண்டு சொருகியதை அடுத்தவர் கட்டடத்தில் பார்த்துப் பயந்துவிட்டு, நாம் இல்லாத நேரத்தில் நம் வீட்டிலும் அதே நடந்தால் யாரைக் கேட்பது? வீட்டுக்காரர் ஒரு வருஷம் ஊரில் இருப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு உச்சிப்புளிதான். உங்கள் வீட்டில் அப்படி நிற்க ஓர் ஆள் இருந்தால் நீங்கள் தயங்காமல் அதைப் பாருங்கள்.

வாடகைக்கே இருந்துவிடலாமே என்றும் யோசித்தோம். இப்போது கொடுப்பது 11,000. 28 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத் தவணை 24,300, கட்டடப் பராமரிப்பு மாதம் இரண்டாயிரம். கணக்கு மட்டும் பார்த்தால் வாடகைதான் லாபம். ஆனால் ஆறு வருஷத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம், ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குப் படுக்கை, பாத்ரூம், படி எல்லாம் புதிது. இனி மாற்ற வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அம்மாவின் விஷயம்தான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது அவருக்கு ஒன்பது வயது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் திரும்பவில்லை என்று பெரியவர்கள் சாலையில் நின்று பேசியது இன்றும் காதில் இருக்கிறது என்பார். அதனால் பயந்தாரா என்றால் இல்லை, தீவுக்குப் போகலாம் என்றால் நாளைக்கே பெட்டி கட்டுவார். யோசித்தது நான்தான். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரே சாலைப் பாலம். காற்று வலுத்த இரவில் நெஞ்சு வலி என்றால்? பட்டணம்காத்தானிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லிஃப்ட் ஓடுதான்னு பாத்தியா?" என்று கேட்டார்.

லிஃப்ட் ஓடுகிறது. போன வருஷம் கதவுச் சட்டம் துருப்பிடித்து மாற்றியிருக்கிறார்கள், சங்கத்தின் வரவு செலவு நோட்டில் அந்த ரசீது ஒட்டியிருந்தது. நோட்டைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை. அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் அதே அக்கறையோடு அந்த நோட்டையும் பாருங்கள். பன்னிரண்டு வீட்டில் எத்தனை பேர் பணம் பாக்கி, வெளிச்சுவர்ப் பெயிண்ட் கடைசியாக எப்போது, சம்ப் கழுவியது எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

39 லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு முடித்தோம். சன்ஷேடு மூலையையும், உள்ளளவையும், உப்பு போரையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் மூன்றரை லட்சம் இறங்கியது. முத்திரைத்தாள் ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம், மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒப்பந்தத்தில் சன்ஷேடை விற்பவரே சரிசெய்து தர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, கட்டட நிறைவுச் சான்று, சொத்து வரி ரசீது, சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதம் எல்லாம் வங்கி வக்கீலிடம் இருக்கின்றன. பதிவு தை பிறந்ததும்.

சன்ஷேடு வேலை நேற்று முடிந்தது. கொத்தனாரைக் கூட்டிப்போய் மறுபடி தட்டச் சொன்னேன். அந்த மூலையிலும் 'டங்' என்றது.